மூன்று நிமிடத்தில் முடிந்த குளோனிங்

இருநூறு ஜிபி டேட்டா மூன்று நிமிடத்தில் குளோன் ஆகாது. இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் அன்று பொன்னமராவதியில், "பாத்தீங்களா ஸ்பீடை!" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

இடம், பத்திரம் எழுதும் ஆபீஸ். முதலாளி சொக்கலிங்கம் ஐயா. கம்ப்யூட்டர் ஸ்லோவானதற்கு டைப்பிஸ்ட் செல்வராணிதான் காரணம் என்று உறுதியாக நம்பியவர். "இந்தப் புள்ள அமுக்குற அமுக்குல மிஷினே களைச்சுப் போச்சு" என்பார். உண்மையில் 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் நிரம்பி வழிந்தது. பாதி, ஐயா இறக்கி வைத்திருந்த பழைய சினிமாப் படங்கள். புதிய 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு எல்லாவற்றையும் அப்படியே குளோன் செய்வது என் வேலை.

அன்று முகூர்த்த நாள். மறுநாள் துபாய்க்கு ஃப்ளைட் ஏற வேண்டியவர் ஒருவர், கிரயப் பத்திரத்துக்காகக் காத்திருந்தார். பதினொன்றரைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் டோக்கன்.

"அதுக்குள்ள முடியுமா தம்பி?" என்றார் ஐயா.

"டீ குடிச்சிட்டு வாங்க, முடிஞ்சிருக்கும்."

புதிய டிஸ்க்கை ஃபார்மட் செய்து, பென்டிரைவிலிருந்து குளோனிங் சாஃப்ட்வேரை பூட் செய்தேன். எதிலிருந்து எதற்கு என்று கேட்டது. நானோ, திருமயத்தில் எவனோ இரண்டையும் மாற்றிப் போட்டு டேட்டாவை அழித்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அம்புக்குறி அங்கிட்டுருந்து இங்கிட்டு வருதே?" என்றாள் செல்வராணி.

"நீ டைப்பிங்கை மட்டும் பாரும்மா."

எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அமுக்கினேன். மூன்றே நிமிடத்தில் முடிந்தது.

ரீஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரை. காலி டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் குளோன் செய்திருந்தேன். பழைய காலத்து ஹார்ட் டிஸ்க் என்றால் தோண்டியாவது எடுக்கலாம். எஸ்எஸ்டியில் அழிந்தால் பெரும்பாலும் போனதுதான்.

"பழைய டிஸ்க் ஏற்கெனவே வீக்கா இருந்திருக்கு ஐயா." கூசாமல் சொன்னேன்.

ஐயா உடனே செல்வராணி பக்கம் திரும்பினார். "நான் சொல்லல? இந்தப் புள்ள அமுக்குன அமுக்குதான்! ஒன்னைய வேலைக்கு வச்சேன் பாரு!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தேன்.

பிறகு போனை எடுத்து மெயிலைத் திறந்தாள். அந்தக் கிரயப் பத்திரம் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டைப் செய்த அத்தனையும் தேதி வாரியாக இருந்தன. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பதினொன்றே காலுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கொண்டுபோனாள்.

திரும்பி வந்தவளிடம், "சூப்பர் பேக்கப்மா. யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

"பேக்கப்பெல்லாம் இல்லண்ணே. ஐயா இன்னைக்கு ஒண்ணு சொல்லுவாரு, நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவே இல்ல'ம்பாரு. அதுக்குச் சாட்சியா எனக்கே அனுப்பி வச்சுக்கிறது. இனிமே சர்வீஸ்காரங்களுக்கும் சாட்சி வச்சுக்கணும் போல."

அதற்குப் பிறகுதான் ஐயாவிடம் உண்மையைச் சொன்னேன். "விடுங்க தம்பி, கைத்தவறுதல் எல்லாருக்கும் வாரதுதான்" என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படங்கள் போனதில்தான் அவருக்கு உண்மையான வருத்தம்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, அமுக்குவதற்கு முன் இரண்டு டிஸ்க்கின் அளவையும் வாய்விட்டுப் படியுங்கள். பழையதில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இதையெல்லாம் எந்த வீடியோவிலும் சொல்லுவார்கள். நான் சொல்வது வேறு: தப்பு செய்தால் அந்த நிமிஷமே ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க, அந்த அறையிலேயே சம்பளம் குறைந்த ஆள்தான் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்.