தரகன் நெஞ்சில் தண்ணி

மாட்டுத் தரகனுக்கு முதல் என்பது தொண்டையும் மூச்சும்தான். சந்தையில் வாய் ஓய்ந்த தரகனைக் கன்றுக்குட்டிகூட மதிக்காது. சனி என் மூச்சிலேயே கை வைத்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வலது பக்கம் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு, நாலு எட்டு வைத்தால் நாய் மாதிரி மூச்சு இரைத்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் என்னை நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, முதுகில் ஊசியை இறக்கிப் பாட்டிலில் வடித்து எடுத்தார்கள்.

"ஊருக்குப் போய்ப் படு. கத்தாதே. அடுத்த மாசம் வந்து காட்டு. மறுபடி நீர் கோத்திருந்தா மறுபடி ஊசி. அப்புறம் சந்தையை மறந்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர். ஊசியை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்கும். சந்தை இல்லையென்றால் அதைவிட மோசம், நான் வேறு எதற்கும் லாயக்கில்லாதவன். முதுகைக் காட்டி ஊசி வாங்கிய புண்ணியவான்களே, அந்த ஒரு மாதத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், வாய் சும்மா இருக்காது.

ஊற்று

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர். அந்த வருஷம் மழை பொய்த்து, கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வரும். நான் வந்து படுத்ததும் முதலில் பார்க்க வந்தவர் பக்கத்துத் தோட்டத்துச் செங்கோடன். கட்டில் ஓரம் உட்கார்ந்து, எத்தனை பாட்டில் எடுத்தார்கள் என்று கேட்டார். தரகன் புத்தி, ஒரு பாட்டிலைக் கூட்டியே சொன்னேன். மனுஷன் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் என் நெஞ்சையே பார்த்தார்.

"ஏனுங்க தரகரே, ஊரே தண்ணிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுட்டுக் கெடக்குது, உங்களுக்கு மட்டும் படுத்த எடத்துல ஊறுதுங்களா?"

நடை பார்த்தவர்

எடப்பாடிக்காரர் ஒருவர், என்னிடம் வருஷாவருஷம் உழவு மாடு வாங்குகிறவர், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். பழத்தைக் கீழே வைத்த கையோடு என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். வாசல் வரைக்கும் நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். திரும்பி வரச் சொன்னார். வந்தேன். விலாவில் காதை வைத்துக் கேட்டார், முதுகைத் தட்டினார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைக்கூடப் பார்த்தார். நானும் ஒரு பைத்தியக்காரன், ஏன் என்று கேட்காமல் திறந்து காட்டினேன்.

"பல்லு சுத்தம், காலு தேவலாமுங்க. மூச்சுதான் ஒதைக்குது. ஏருக்குக் கட்ட முடியாது, வேணும்னா செக்குக்குப் பார்க்கலாம்."

சூடு

என் இடத்தில் சந்தையைப் பார்த்துக்கொண்டவன் கூட்டாளி பழனியப்பன். நீ இல்லையென்று ஒருத்தரும் கேட்கவில்லை என்று வந்ததும் வராததுமாகச் சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டான். பிறகு அடுப்பங்கரைக்குப் போனவன் திரும்பவே இல்லை. என் பெண்சாதி பாவாயி போய்ப் பார்த்தால், அடுப்பில் இரும்புக் கம்பி செக்கச்செவேலென்று காய்கிறது. மூச்சு வாங்குகிற மாட்டுக்கு விலாவில் சூடு இழுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊசி குத்தின இடத்தில் எனக்கும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் தண்ணி திரும்ப வராதாம்! பாவாயி விளக்குமாற்றை எடுத்தாள். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் குதித்து நின்றுகொண்டு நியாயம் பேசினான். நான் சிரித்த சிரிப்பில் விலாவில் சுருக்கென்று பிடித்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தண்ணி திரும்ப வந்துவிட்டதோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் இன்னும் ஓயவில்லை.

"ஏனக்கா கோவிக்கறீங்க? இத்தன மாட்டுக்குச் சூடு வெச்சிருக்கறேன், ஒண்ணாச்சும் வந்து குத்தஞ் சொல்லியிருக்குதுங்களா?"

ஒண்ணு, ரெண்டு

மாதம் முடிந்து பாவாயியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் சந்தையில் மாட்டின் பெருமையை ஊர் கேட்கக் கத்துவோம், விலையை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. நாலு பேர் நடுவில் எண்ணைச் சொன்னவன் தரகனே இல்லை.

டாக்டர் என் முதுகில் குழாயை வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா சொல்லு" என்றார். எதிரே பெஞ்சில் ஒரு கூட்டம், அதில் ரெண்டு பேர் எனக்குத் தெரிந்த மாட்டு வியாபாரிகள். நாக்கு எழவில்லை. தொண்டைக்குள்ளேயே முனகினேன். என் கை பாட்டுக்குத் துண்டோடு பின்னால் போய் டாக்டர் விரலைத் தேடியது. அவர் தட்டிவிட்டு, "சொல்லுய்யா!" என்றார். மறுபடி முனகினேன். அவர் முகம் மாறியது.

"குரலே எட்டலியே. நீர் திரும்பக் கோத்துடுச்சு போல. கம்பவுண்டர், ஊசியைக் கொதிக்க வை."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தை போச்சு, பிழைப்புப் போச்சு என்று கும்பிடப் போன நேரத்தில் பாவாயி பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏனுங்க, அவரு வெல கேக்கலீங்க! ஊசி வருது, கத்தித் தொலைங்க சாமி!"

"ஒண்ணேய்! ரெண்டேய்! மூணேய்ய்!"

ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த சந்தைக் குரல். பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது, கம்பவுண்டர் தட்டைக் கீழே போட்டார், டாக்டர் குழாயைக் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுவரோரம் போய்விட்டார். கொஞ்சம் தெளிந்து வந்து, என்னை மெதுவாகப் பேசச் சொல்லி, பயந்து பயந்து இன்னொரு முறை வைத்துக் கேட்டார். பாவாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"தண்ணியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சந்தைக்கே போ. இங்க மட்டும் திரும்பி வராதே, எனக்கு ஒரு காதுதான் மிச்சம்."

ஆகவே சக நெஞ்சுத்தண்ணிக்காரர்களே, தொழில் ரகசியத்தைப் பெற்ற தாயிடம்கூட மறையுங்கள், முதுகுக்குப் பின்னால் ஊசியோடு நிற்கிறவரிடம் மட்டும் ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுங்கள்.