பச்சைத் திரையில் ஒரு வரி

விருத்தாசலத்தில் மூடிக்கிடந்த பீங்கான் கம்பெனி ஒன்றின் பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, உப்பிப்போன கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றினேன். அப்படியும் திரை இருட்டாகவே கிடந்தது. நான் அதோடு மல்லாடுவதைக் கேள்விப்பட்டு, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறி வந்தார். நரைத்த முடி, தடித்த கண்ணாடி. அந்த ஆபீசில் இதில் வேலை பார்த்தவர் அவர்தானாம்.

"ஒரு தடவ ஓடறதப் பாத்துட்டுப் போயிடறேங்க தம்பி" என்றார். உட்கார்ந்ததும் முந்தானையால் கீபோர்டை ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தார்.

ஸ்விட்சைப் போட்டேன். "ஏதோ தீயிற வாசன வருதுங்க" என்றார் சட்டென்று. பதறி அணைத்துவிட்டுப் பார்த்தால், ஒரு கெப்பாசிட்டரை பிளஸ் மைனஸ் மாற்றிப் பொருத்தியிருந்தேன். வேறொன்றைச் சரியாக வைத்து மறுபடி போட்டதும் பச்சை எழுத்துகள் எழுந்து வந்தன.

அவர் கைகள் தயங்கவே இல்லை. கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே ஒரு வரி அடித்தார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் அழித்துவிட்டார்.

"என்னம்மா அடிச்சீங்க?"

"தெனம் ஆபீஸுக்கு வந்ததும் மொதல்ல அடிக்கிறதுங்க. அப்பவும் யாரும் படிச்சதில்ல."

சிரித்தபடியே போய்விட்டார். கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. அந்த வரி யாருக்கானது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.