முட்டத்துக்கு ஒரு பட்டுச் சேலை

என் மகள் இசக்கிசெல்வியைப் பற்றி எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் குற்றம் இருந்தால் இருக்கட்டும், என் சரக்கில் இருக்காது. திருவனந்தபுரம் ஆரியசாலையில் வற்றல் மிளகாய் என்றால் திரவியம் கடைதான், வேறு அடையாளம் வேண்டாம். மூட்டை சுமக்க வந்த தெருவிலேயே இரண்டு கிடங்குக்கு முதலாளியானேன். எப்படி ஆனேன்? சந்தேகப்பட்டு ஆனேன். மூட்டையின் வாயில் நல்ல காயை வைத்து, சொத்தையை அடியில் தள்ளாத வியாபாரியை நான் கண்டதில்லை. முழங்கை வரை கையை விட்டு, அடிக்காயை எடுத்து மோந்த பிறகுதான் விலை பேசுவேன். என் கை மிளகாய் எரிச்சலை மறந்து பல காலமாகிறது.

இந்தக் குணத்தில் பாதி இசக்கிசெல்விக்கும் உண்டு. பி.காம். படிக்க வைத்து மார்த்தாண்டத்தில் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை பைக் விபத்தில் போய்விட்டான். பிள்ளை இல்லை. திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே கடை மேஜையில் வந்து உட்கார்ந்தாள். "வீட்ல எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசுதாவ. கடையில சத்தம் உண்டுல்லா, அது போதும்" என்றாள். அன்றிலிருந்து போன் ஆர்டர் முழுக்க அவள் பொறுப்பு. மலையாளத்தில் பேரம் பேசினால் கொல்லத்துக்காரனும் இறங்கி வருவான். சீனி போடாத சாயாவை நின்றுகொண்டே குடிப்பாள். சிரிப்பு குறைவு.

மறுகலியாணத்துக்கு மூன்று இடம் வந்தது. ஒருத்தன் அவள் பெயரைக் கேட்கும் முன்னே கிடங்கு யார் பெயரில் என்று கேட்டான். இன்னொருத்தன் வாயில் ஏலக்காய் வாசம் அளவுக்கு மீறி அடித்தது. எதை மறைக்க என்று எனக்குத் தெரியாதா? மூன்றாமவனிடம் ஒரு குறையும் தென்படவில்லை, அதனாலேயே அனுப்பிவிட்டேன். மகளுக்கு முப்பத்தாறு வயதாகிறது, மேஜையிலேயே காலம் கழிந்துவிடுமோ என்று என் மனைவி சுடலைமாடத்திக்குக் கவலை. யாரிடமும் ஏமாந்துவிடக் கூடாதே என்று எனக்கு.

போன ஓணத்துக்குக் கடையடைத்து, குடும்பத்தோடு கடலோரமாக ஓர் ஊருக்குப் போய்த் தங்குவது என்று முடிவானது. எந்த ஊர் என்பதில்தான் சண்டை.

"வர்க்கலை போவோம்ப்பா" என்றான் மகன் செல்வமணி.

"அங்க குன்னுல இருந்து படி இறங்கணும். மாமாவுக்கு முட்டு வலிக்கும்லா?" என்றாள் மருமகள் ஆர்ஷா.

"எனக்கு ஒரு வலியும் இல்ல. மூட்டை தூக்குன காலாக்கும் இது."

பேரன் சுமந்த் "கோவளம் மதி" என்று மலையாளத்தில் தீர்ப்புச் சொன்னான். சுடலைமாடத்தி திருச்செந்தூரை விட்டு நகரமாட்டேன் என்றாள். எங்கள் ஆரியசாலைச் சந்தை தோற்றது, அவ்வளவு இரைச்சல். இசக்கிசெல்வி டிபன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல், "முட்டம் போலாமே" என்றாள்.

அவ்வளவுதான். "முட்டம் கொள்ளாம்" என்றாள் ஆர்ஷா. "நல்ல காத்து" என்றான் செல்வமணி. திருச்செந்தூர்க்காரி முருகனையே மறந்துவிட்டுத் தலையாட்டினாள். ஏலத்தில் எல்லாத் தரகரும் ஒரே விலை சொன்னால் என்ன அர்த்தம்? முன்கூட்டியே டீக்கடையில் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் கேட்டேன். "முட்டத்துல என்ன இருக்கு?"

"கடல் இருக்கு."

"கடல் சங்குமுகத்திலயும் உண்டே. ஆட்டோ பிடிச்சா கொஞ்ச நேரம்."

"அந்தக் கடலப் பாத்தாச்சு. பேசாம சோத்தைத் தின்னும்."

மறுநாள் அவள் பீரோவிலிருந்து மகளின் மாம்பழ நிறப் பட்டுச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கடலுக்குப் போவ எதுக்குட்டி பட்டு?"

"கடக்காத்துல உலத்தணும்."

பட்டை உப்புக் காற்றில் உலர்த்தும் பெண்பிள்ளை எங்கேயாவது உண்டா? எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க எடுத்த எடுப்பில் வீட்டுக்கு வரமாட்டார்கள். கோயில் கொடைத் திருவிழாவிலோ துணிக்கடையிலோ தற்செயலாகக் கண்டதுபோல இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் குறைச்சலில்லை. ஆர்ஷாவை நாங்கள் பார்த்ததும் ஒரு நகைக்கடையில்தான். அந்த ஏற்பாடே என்னுடையது. எனக்கே அதைத் திருப்பிக் காட்டுகிறார்கள்!

முட்டத்தில் எங்களுக்கு வாடிக்கைப் பார்ட்டி ஒரே ஒருவர்தான்: ஜெபசிங், மீன் ஊறுகாய் போடுகிறவர். ஆளை நான் கண்டதில்லை, சரக்கு லாரியில் போகும். மாதாமாதம் அவர் போன் வந்தால் இசக்கிசெல்வி கடையே அதிரும்படி ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்வாள். சண்டை என்றல்லவா இத்தனை நாளும் நினைத்தேன். முட்டத்துக்கு எப்போதும் நல்ல காஷ்மீரிக் காயாகவே போவதும் அப்போதுதான் உறைத்தது.

கொல்லத்துக்குச் சரக்குப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறினேன்.

ஜெபசிங்கின் கொட்டகை கடலுக்குப் பக்கத்தில், ஓடு போட்டது. ஆள் நரைக்கத் தொடங்கியவர், கையெல்லாம் மஞ்சள் கறை. மிளகாய்த் தரகன் என்று சொல்லிக்கொண்டேன்.

"ஆரியசாலை திரவியம் கடைக்கு நீரு குடுக்க வெலையில இருந்து குறைச்சுத் தாறேன். சம்மதமா?"

அவர் தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டினார். இரண்டாம் தரம் சொன்னேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. அந்தக் கடையை மாத்துததா இல்ல."

"காய் நல்லதா, இல்ல போன் எடுக்க ஆளு நல்லதா?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். பக்கத்தில் வாய் பிரித்த மூட்டை ஒன்று இருந்தது. பேசிக்கொண்டே கையை முழங்கை வரை விட்டு, அடிக்காயை எடுத்து மூக்கில் வைத்தேன். பழக்கம். மூட்டையில் என் கடை முத்திரை.

ஜெபசிங் சிரித்துவிட்டார். "தன் சொந்தச் சரக்கையே மோந்து பாக்க ஆளு உலகத்துல ஒருத்தர்தான்னு கேள்விப்பட்டிருக்கேன். இரிங்க அண்ணாச்சி, சாயா போடச் சொல்லுதேன்."

நான் உட்காரவில்லை. "என் வீட்டாளுங்ககிட்ட என்ன பேசி வச்சிருக்கீரு?"

"ஒண்ணும் ஒளிக்கல. உங்க மருமககிட்ட என் தங்கச்சி பேசுனா. எங்களுக்குச் சரி. ஆனா உங்க மக ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கா. அப்பா அங்க வந்து ஆளப் பாத்துச் சரின்னாத்தான். இல்லைன்னா கடலப் பாத்துட்டு வந்த வழியே போயிருவேன்னு." அப்புறம் தானாகவே சொன்னார்: "எனக்கு இடது காது கேக்காது. தங்கச்சிமாரக் கட்டிக் குடுத்ததுல வயசு நாப்பத்திரெண்டு ஆச்சு. கொட்டகை வாடகை. நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க, நீங்க கோயிலுக்குப் போறவங்க. இதெல்லாம் அவகிட்ட முதல் நாளே சொல்லியாச்சு."

எங்கள் பக்கத்தில் ஒரே குடும்பத்தில் வேதமும் கோயிலும் உண்டு, அது பெரிய காரியமில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில், சொத்தையை மூட்டையின் வாயில் வைத்து, இதை முதலில் பாருங்கள் என்று சொன்ன வியாபாரி எனக்கு வாய்த்ததில்லை. அதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று கொட்டகையை ஒரு சுற்று சுற்றினேன். பாத்திரங்களைத் தட்டினேன். ஊறுகாயை நாக்கில் வைத்தேன். உப்பு கொஞ்சம் கூடுதல். வேறு குற்றம் அகப்படவில்லை. சரி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் பஸ் ஏறினேன். வீட்டில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

ஓணத்துக்கு மறுநாள் முட்டம் போனோம். சாயங்காலம் பாறைப் பக்கம் எல்லாரும் நடந்தோம். கடற்காற்றில் மாம்பழப் பட்டு. பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். இசக்கிசெல்வி கடலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இடையில் ஒரு தரம், "அப்பா, காலு வலிச்சா திரும்பிருவோம்" என்றாள். எந்தத் திரும்புதலைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

எதிரே ஜெபசிங் தங்கையோடு, தற்செயலாக வந்ததுபோல வந்தார். செல்வமணி அவரை முன்பின் தெரியாதவன் மாதிரி வானத்தைப் பார்த்தான். நடிக்கவும் ஒரு திறமை வேண்டும்.

"வாங்க அண்ணாச்சி" என்று கும்பிட்டார் ஜெபசிங்.

நான் அவருடைய வலது காதுப் பக்கமாகப் போய் நின்று, கடைச் சத்தத்தில் சொன்னேன்:

"ஓய், என்னை அண்ணாச்சின்னா என் மக உமக்கு மகளாயிருவா. முறை சரியா வராது. மாமான்னு கூப்பிடும்."

இசக்கிசெல்வி பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுடலைமாடத்தி, "கொல்லத்துச் சரக்கு எப்பிடி இருந்துது?" என்று என்னைக் கேட்டாள். எவனோ பஸ்ஸில் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அவன் யார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.