வேப்பிலை கட்டிய வாசல்

காலை பத்து இருபதுக்கு, என் மகளைவிட ஒரு கணிப்பொறியை நம்பினேன். குற்றம் என்னுடையதுதான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடிக் குடியிருப்பில் இருந்தோம். காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று சொல்லும் கணிப்பொறி நிரல் ஒன்றை எங்கள் ஆய்வுக் குழு உருவாக்கியது. பழைய நோயாளிகளின் விவரங்களைக் கொடுத்து அதைப் பழக்குவது என் வேலை.

எல்லாம் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் விவரங்கள். வராத குழந்தைகள்...?

குழுவின் டாக்டரம்மா அதைக் கேட்டார். "பருத்திப்பட்டுல வீடுவீடா விசாரிங்க சார். அம்மை போட்ட பிள்ளைங்கள யாரும் இங்க கூட்டிட்டு வர்றதில்ல."

போனேன். முதல் வீட்டு வாசலிலேயே வேப்பிலைக் கொத்து. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல்.

"ஊட்ல அம்மா வந்துகீறா சார், உள்ள வராதீங்க. இன்னா வோணுமோ அங்கியே நின்னு கேளுங்க, சொல்றேன்."

நின்று கேட்டிருக்கலாம்! வெயில். சலிப்பு. வேப்பிலை நல்ல சாக்காக அமைந்தது. திரும்பி வந்து, "அம்மா இறங்குற வரைக்கும் யாரும் பேசமாட்டாங்களாம்" என்றேன். பொய்... இன்றுவரை டாக்டரம்மாவுக்கு அது தெரியாது.

அம்மையை அறியாமலே அந்த நிரல் வளர்ந்தது.

பிறகு என் மகளுக்கே காய்ச்சல். கண் சிவந்திருந்தது, இருமல். "டாக்டர்ட்ட போலாம்பா" என்றாள். நானோ அலுவலகம் போய், பத்து இருபதுக்கு அவள் அறிகுறிகளைத் தட்டினேன். 'வீட்டில் கவனித்தால் போதும்' என்றது திரை. மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"உங்க கம்ப்யூட்டரா பெத்துச்சு அவள?" என்றாள்.

ஆனாலும் காத்திருந்தோம். முத்துகள் எழும்பின, வலிப்பு வந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அம்மை மூளையைத் தொட்டிருந்தது. உயிர் பிழைப்பாள், காது இனிக் கேட்காது என்றார்கள். நான் நம்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பேசத் துணிவின்றி, அறை வாசலிலேயே நின்றேன்... அன்று அந்த வீட்டு வாசலோடு திரும்பியதுபோல.

ஒரு மாலை, குடியிருப்பில் ஆட்டோ வந்து நின்றது. மனைவியின் கையைப் பிடித்து மகள் இறங்கினாள். ஓடிப்போய்ப் பெயர் சொல்லி அழைத்தேன். என்னென்னவோ பேசினேன்!

என் உதடுகளையே உற்றுப் பார்த்தாள்.

"ஏம்பா, சும்மா வாய மட்டும் அசைக்கிற?"