லூர்து நுழையாத வீடு

பிளம்பர் லூர்துவை எங்கள் தண்டையார்பேட்டை குடியிருப்புக்குக் கூட்டிவந்ததே நான்தான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் வால்வு துருப்பிடித்து, மூட முடியாமல் போயிருந்தது. தொட்டியைக் காலி செய்தால்தான் மாற்ற முடியும் என்றார்கள், வந்து பார்த்த பிளம்பர்கள். வாரத்துக்கு ஒருமுறை லாரித் தண்ணீர் வரும் இடத்தில் இப்படிப் பேசுகிறவர்களை என்ன செய்வது? "எங்கிட்ட ஒரு ஆளு கீறாரு, சொட்டு வீணாவாது" என்று பதினாறு வீட்டிலும் பெருமையடித்தேன்.

லூர்து ராயபுரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். இறால் ஏற்றுமதி குடோனில் வேலை பார்த்த காலத்தில் சாதாரண ஐஸைவிடக் கடுங்குளிரான ட்ரை ஐஸின் குணத்தைத் தெரிந்துகொண்டார். வால்வுக்கு மேலே, இரும்புக் குழாயைச் சுற்றி அதைக் கோணியில் வைத்துக் கட்டுவார். வெண்புகை கிளம்பும். உள்ளே தண்ணீர் உறைந்து தக்கைபோல அடைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தால் உறையாது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தானே போய்க் குழாய்களை இறுக்கிப் பார்ப்பார். "வாய்ப்பேச்ச நம்பமாட்டேன் மலிகா" என்பார் என்னிடம்.

அன்று டோல்கேட் பக்கம் அவருக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. பதினைந்து வீடு பார்த்தாயிற்று. கடைசி வீடு பூவம்மாவுடையது. அவர் இறால் உரிக்கப் போகிறவர், வீட்டில் அந்த வாடை இருக்கும். லூர்து வாசலிலேயே நின்றுவிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"கக்கூஸ்ல ஃப்ளஷ் ஒழுகிகினே கீது நைனா, உள்ள வந்து பாரு" என்றார் பூவம்மா.

"அது இன்னா பண்ணப்போவுதுக்கா, வுடு" என்று மூக்கைத் தேய்த்தபடியே லூர்து மாடி ஏறிவிட்டார்.

அரை மணி நேரத்தில் குழாய்மேல் வெள்ளையாகப் பனி படிந்தது. வழக்கமாகக் கீழ்க் குழாயைத் திறந்து, தண்ணீர் நின்றுவிட்டதா என்று சோதித்துவிட்டுத்தான் வால்வில் கை வைப்பார். அன்று அதையும் செய்யவில்லை. வால்வைக் கழற்றினார். தொட்டித் தண்ணீர் மொத்தமும் பீய்ச்சிக்கொண்டு வந்து, மாடிப்படி வழியாகத் தெருவுக்கு ஓடியது.

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். நனைந்து நின்ற லூர்து, "நான் இன்னா பண்றது? பூவம்மா வூட்ல தண்ணி ஒழுகிகினு இருந்துக்குது!" என்று கத்தினார்.

"நான் அப்பவே சொன்…" என்று தொடங்கிய பூவம்மாவை யாரும் முடிக்க விடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசினார்கள். நான் பேசவில்லை. லூர்துவின் பேர் கெட்டால் என் பேரும் கெடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று நாள் தெருமுனை அடிபம்புதான் எங்களுக்குக் கதி. வரிசையில் பூவம்மாவைக் கடைசிக்குத் தள்ளினார்கள். அவரும் போய் நின்றார்.

மூன்றாம் நாள் காலை லூர்து அந்த வரிசைக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, "அவங்க சொன்னாங்க. வாடை அடிக்குதுன்னு நான்தான் உள்ள போவல. பழிய அவங்க மேல போட்டுட்டேன்" என்றார். பூவம்மாவின் குடத்தை வாங்கிக்கொண்டு பம்பை அடிக்கத் தொடங்கினார்.

பூவம்மா அவரைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீயும் அப்போ வாசல்லதான மலிகா நின்னுகினு இருந்த?"