ஒஷாவாவில் நீதிபதி இல்லை

ஸ்காபரோவில் அகதி வழக்கு வென்ற தமிழர் எல்லாரும் ஒருமுறையாவது பேர்ணடெற்றின் முன்னால் இருந்து அழுதவர்கள்தான். எல்லாரும் என்பது கொஞ்சம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். மோர்னிங்சைட்டில் நாங்கள் இருக்கும் கட்டடத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் பொய் பாதியாகக் குறையும்.

பேர்ணடெற் சட்டம் படித்தவள் அல்ல. பகலில் மஃபின் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவள். ஊர்காவற்றுறையிலிருந்து வந்து தன்னுடைய விசாரணைக்குப் போனபோது, வீட்டைவிட்டு எப்போது வெளிக்கிட்டாள் என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பெய்த மழையில் தொடங்கி, ஆட்டுக்குட்டியை யாரிடம் விட்டுவந்தாள் என்பதைத் தாண்டி, மச்சாளோடு இருந்த பழைய கோபம்வரை போய்விட்டாள். மேசைக்குக் கீழே வழக்கறிஞர் உதைத்த உதையில் கால் வீங்கி, அந்த வீக்கம் ஈஸ்டர்வரை வற்றவில்லையாம். இது அவள் சொன்னது. நான் சொல்லியிருந்தால் கிறிஸ்மஸ்வரை நீட்டியிருப்பேன்.

எப்படியோ அவளை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அயலில் யாருக்கு விசாரணை வந்தாலும் அவளே பழக்கிவிட்டாள். கேட்டதற்கு மட்டும் மறுமொழி. திகதி மாறக்கூடாது. அழுகை வந்தால் அடக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசையைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. உயிருக்குப் பயந்து வந்தவளா, வசதியைத் தேடி வந்தவளா என்று சந்தேகம் வந்துவிட்டால் கதை முடிந்தது.

பயிற்சி நடப்பது கட்டடத்தின் நிலக்கீழே, உடுப்புத் தோய்க்கும் அறையில், சனிக்கிழமை பின்னேரங்களில். மெஷின் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது. நான்தான் நீதிபதி. ஊரில் வரலாறு படிப்பித்தவள் என்பதால் அந்தப் பதவி எனக்குப் போட்டியில்லாமல் கிடைத்தது. ஒரு துவாயைத் தோளில் போர்த்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினால், உண்மையான நீதிபதிக்கே என்னைக் கண்டால் எழுந்து நிற்கத் தோன்றும்.

லுப்னா எங்களுக்குக் கிடைத்ததும் அந்த அறையில்தான். காஸாவிலிருந்து வந்து இங்கே பல்கலைக்கழகத்தில் நீர்ப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாடியில் வேறு மாணவிகளோடு வாடகைக்கு இருந்தாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு பங்குனியில் ஒருநாள், மெஷினில் உடுப்புகள் சுழன்றுகொண்டிருக்க, அவள் அதற்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். காஸா எல்லையை மூடிவிட்டார்கள். மறுபக்கத்தில் கட்டட வேலை செய்த அண்ணனுக்கு வேலை போய்விட்டது. அவன் அனுப்பிய பணத்தில்தான் இவள் படித்தாள். கடைசி வருடத்துக்குக் கட்ட வழியில்லை.

ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. ஒஷாவாவில் தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பனி ஒன்று, பலஸ்தீன மாணவர்களுக்கென்று பணம் ஒதுக்கியிருந்தது. பாதி உதவித்தொகை, பாதி கடன். நேர்முகத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் பட்டம் இல்லாமலே திரும்பிப் போகவேண்டியதுதான்.

"என்ன கேப்பினமோ தெரியேல்லை அன்ரி. பயமாக் கிடக்கு," என்றாள் லுப்னா. அவள் பேசியது ஆங்கிலம். ஆனால் ஓர் அரபுப் பிள்ளை யாழ்ப்பாணத் தமிழ் பேசுவது என் காதுக்கு இனிமையாக இருப்பதால் இப்படியே எழுதிக்கொண்டு போகிறேன்.

"என்னட்டை வந்திட்டாயெல்லோ, இனி என்ன பயம்?" என்றாள் பேர்ணடெற். "ரீச்சர், துவாயை எடுங்கோ."

எடுத்துப் போர்த்துக்கொண்டேன். "எல்லை எப்ப மூடினது?"

லுப்னா திகதியைச் சொன்னாள்.

"முந்தி வேறை திகதியெல்லோ சொன்னீர்?"

"நான் சொல்லேல்லை!"

"கோவிக்காதை பிள்ளை, அவை அப்பிடித்தான் கொழுவுவினம்," என்றாள் பேர்ணடெற். "மேலை சொல்லு."

"நான் படிச்சு முடிச்சு, அங்கை போய்..."

"உது வேண்டாம்! உதைத்தான் சொல்லக்கூடாது. அண்ணன்ரை வேலை போனதைச் சொல்லு. எல்லைச் சாவடியிலை மறிச்சு வைச்சிருந்ததைச் சொல்லு."

"அதுகளைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை அன்ரி."

"உன்ரை விருப்பத்தை ஆர் கேட்டது? ரீச்சர், நீங்கள் ஏன் சிரிக்கிறியள்? நீதிபதி சிரிக்கிறேல்லை."

நேர்முக நாளில் மூவரும் பஸ்ஸில் ஒஷாவாவுக்குப் போனோம். பேர்ணடெற் கோயிலுக்கு உடுக்கும் சேலையை உடுத்து, அதன்மேல் குளிர்க்கோட்டைப் போட்டிருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் லுப்னா எழுந்தாள். விசாரணைகளுக்குத் துணைபோன பழக்கதோஷத்தில் பேர்ணடெற்றும் எழுந்து கூடவே போனாள். நானும் போனேன். ஒருவரும் தடுக்கவில்லை. தாயும் பாட்டியும் என்று நினைத்திருப்பார்கள்.

உள்ளே நீதிபதியும் இல்லை, கொடியும் இல்லை. ஒரு நீளமான மேசை, அதில் கோப்பி, டோனட், வெட்டிய குழாய்த் துண்டுகள். அந்தப் பக்கம் ஒரு பெண்ணும், நரைத்த தலையோடு கம்பனியின் பொறியியலாளர் ஒருவரும்.

பேர்ணடெற் பழக்கியபடியே லுப்னா சொன்னாள். ஒரு திகதி பிசகவில்லை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள். பேர்ணடெற் என் முழங்காலில் தட்டினாள். வென்றுவிட்டோம் என்பது அதன் பொருள்.

பொறியியலாளர் தொண்டையைச் செருமினார். "நிறையக் கஷ்டப்பட்டிருக்கிறீர்கள். எங்களிடம் வருகிற பிள்ளைகள் எல்லாருமே கஷ்டப்பட்டவர்கள்தான். படித்து முடித்தபிறகு என்ன செய்ய ஆசை?"

லுப்னா திரும்பிப் பேர்ணடெற்றைப் பார்த்தாள். பிறகு, "ஒரு ஆசையும் இல்லை, சேர்," என்றாள்.

"அப்படியென்றால் இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?"

"இடம் கிடைத்தது."

அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். பேர்ணடெற்றின் முகத்தைப் பார்த்தேன். மாவு தடவியதுபோல வெளுத்திருந்தது.

அப்போதுதான் அவள் எழுந்தாள். "ஐயா, பிழை என்னுடையது! ஆசையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தே இந்த நாட்டில் காலடி வைத்தவர்கள் நாங்கள். ஆசையைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகத்தான் எனக்குப் பழக்கத் தெரியும். இந்தப் பிள்ளையும் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். போய் எடுத்துவர அனுமதி தாருங்கள்!" என்று முழங்கினாள். கூரை அதிர்ந்தது. மேசையிலிருந்த குழாய் ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

லுப்னா குனிந்து அந்தக் குழாயை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

அவர்கள் ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறிவருகிறதாம். தாய் போடும் தேநீர் கரிக்கிறதாம். வீட்டுக்கு வருகிறவர்கள் மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறார்களாம். மாரியில் பெய்கிற மழையெல்லாம் தெருவில் ஓடிக் கடலுக்குப் போகிறது. அதை மறித்து, வடித்து, நிலத்துக்குள் திருப்பி இறக்கவேண்டும். அதுதான் அவளுடைய ஆசை. கையிலிருந்த குழாயை மேசையில் வைத்து, டோனட்டுகளைக் கிணறுகளாக அடுக்கிக் காட்டினாள்.

"மண் அடைத்துவிடும்," என்றார் பொறியியலாளர்.

"அடைக்காது."

"நாற்பது வருடமாகக் குழாய் செய்கிறேன். அடைக்கும்."

"இரண்டு இடத்தில் வடித்தால்?"

அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். அரைவாசிக் கிணறுகளை இந்தப் பக்கம் நகர்த்தினார். அவள் திருப்பி அந்தப் பக்கம் நகர்த்தினாள். கோப்பி ஆறிப்போனது. திகதி பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

லுப்னாவுக்கு அந்தப் பணம் கிடைத்தது. அடுத்த வருடம் பட்டம் பெற்றாள். இப்போது தன் ஊரில் தண்ணீர் வேலை பார்க்கிறாள். ஊரில் வேலை செய்யும் ஒவ்வொரு வருடத்துக்கும் கடனில் ஒரு பகுதியைக் கம்பனி கழித்துவிடுகிறது. தாயின் தேநீர் இன்னும் கரிக்கிறதாம், ஆனால் மழையை மறித்து இறக்கும் முதல் குளத்துக்கு இடம் பார்த்துவிட்டார்களாம். பேர்ணடெற் இன்றைக்கும் சனிக்கிழமைகளில் நிலக்கீழுக்கு இறங்குகிறாள். இப்போது முதலில் ஒரு கேள்வி கேட்கிறாள்: "நீ போறது கஷ்டம் கேக்கிற அறையோ, ஆசை கேக்கிற அறையோ?"

இவ்வளவையும் எழுதி முடித்து அவளுக்கே வாசித்துக் காட்டினேன். காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உந்தப் பேச்சு ஆர் பேசினது ரீச்சர்?"

"நீதான்."

"நான் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. 'சொறி சேர், மை மிஸ்ரேக், ஆஸ்க் அகெய்ன்' எண்டு மட்டும்தான் சொன்னன். மிச்சமெல்லாம் அந்தப் பிள்ளை தானாச் சொன்னது. அதை வடிவா எழுதுங்கோ."