புள்ளி வைக்காத முத்திரை

தாலுகா அலுவலகத் தபால் பிரிவில் என் சித்தி முத்திரை குத்துவதை ஒருமுறை பார்த்தால் போதும், மறக்காது. மைப்பஞ்சில் இரண்டு தட்டு, கடிதத்தின் வலது மூலையில் ஒரு குத்து. அதோடு விடமாட்டாள். காதில் செருகிய பேனாவை எடுத்து, 'பெறப்படடது' என்று விழுந்த சொல்லில் முதல் ட-வுக்கு மேல் ஒரு புள்ளி வைப்பாள். ரப்பரில் அந்தப் புள்ளி தேய்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. புது முத்திரை கேட்டு எழுதி எழுதி அலுத்துவிட்டாள்.

"இந்தப் புள்ளியை யாரு சித்தி பார்க்கப்போறா?"

"கொடுத்தவன் பார்ப்பான்டா. பெறப்படடதுன்னு ஒரு வார்த்தையே கிடையாது. அப்போ நான் வாங்கவே இல்லைன்னு ஆயிடாதா?"

போன வருஷம் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த பொது ஏரியை 'நீர் நிற்காத புறம்போக்கு' என்று வகை மாற்றி, கிடங்கு கட்ட ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்போகிறார்களாம். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம். ஒட்டிய இடம், சித்திகூட எட்டிப்பார்க்காத, அலுவலகத்துப் பழைய கழிப்பறைக்குப் போகும் சந்து. நீர் நிற்காதாம்! அந்த வாரம்கூட ஏரியில் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. எழுதியவன் ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்திருந்தாலே போதும்.

ஏதோ சான்றிதழ் வாங்கப் போன எங்கள் தெருத் தையல்கார அக்கா கண்ணில் அது பட்டபோது இருபத்தெட்டு நாள் கழிந்திருந்தது. இரண்டே நாளில் வீடு வீடாக ஏறி நூற்று நாற்பத்து மூன்று கடிதம் சேர்த்தாள். கடைசி நாள் எல்லோரும் வரிசையில் நின்றோம். என் கையிலும் ஒன்று இருந்தது.

அதிகாரி அறையை விட்டு வெளியே வந்தார். "சீல் ரிப்பேர். நாளைக்கு வாங்க."

"இன்னைக்கோட கெடு முடியுது சார்," என்றாள் தையல்கார அக்கா.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? சீல் இல்லாம வாங்கினா செல்லாது."

மேஜைக்குப் பின்னாலிருந்து சித்தி எழுந்தாள். "காலையில நான்தான் சார் தேதி திருப்பி வெச்சேன். நல்லாத்தான் இருந்தது. பத்தேகாலுக்கு நீங்க வந்து வாங்கிட்டுப் போனீங்க."

"அதுக்கப்புறம்தான் ரிப்பேர் ஆச்சு."

"உங்க ரூமுக்குள்ள போறதெல்லாம் அப்படித்தான் ஆகுது சார்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

சித்தி உட்கார்ந்தாள். ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் 'பெறப்பட்டது' என்று கையாலேயே எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டாள். ஒரு புள்ளி விடவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. எழுத்து மட்டும் போகப் போகக் கோணிக்கொண்டே வந்தது.

"கை வலிக்கலையாக்கா?" என்று கேட்டாள் தையல்காரி.

"கையை விடு. வயிறுதான் எரியுது."

ஐந்து மணிக்கு நூற்று நாற்பத்து மூன்றும் முடிந்தன.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. 'குறித்த காலத்துக்குள் ஆட்சேபம் எதுவும் முறைப்படி பெறப்படவில்லை.' எதுவும்! இத்தனை பேர் கால் கடுக்க நின்றது கனவா? விளக்கம் கேட்டவர்களிடம், முத்திரை பழுதான நாளில் அலுவலகம் எந்தக் காகிதமும் வாங்கவில்லை என்று வாய் கூசாமல் எழுதிக் கொடுத்தார்கள். கையால் எழுதி ஒப்புகை கொடுத்தது அதிகார மீறல் என்று சித்திக்கு மெமோ, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மாற்றல் உத்தரவு. பஸ்ஸில் ஆறு மணி நேரம் போகவேண்டிய ஊர்.

பெட்டி கட்டும்போது ஒரு புடவையை நாலு தரம் மடித்து நாலு தரம் உதறினாள்.

"புறம்போக்குங்க," என்றாள். "ஏரியைச் சொல்லலைடா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் லாரிகள் வந்துவிட்டன. நாள் முழுக்க மண் கொட்டினார்கள். பாதி ஏரி மேடாகிவிட்டது. மிச்சத் தண்ணீரும் ஓரத்தில் ஒதுங்கிச் சேறாகிக் கிடந்தது. அந்த அதிகாரி தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். காரில், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

கோப்பின் நகல்கள் கேட்டுத் தையல்கார அக்கா போட்ட மனுவுக்கு ஏழு மாதம் கழித்து ஒரு கட்டு வந்தது. படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நடுவில் கம்பெனியின் கடிதம் ஒன்று, நிலத்தைச் சீக்கிரம் ஒப்படைக்கும்படி. வலது மூலையில் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. நாங்கள் வரிசையில் நின்ற அதே நாள், அதே தேதி. முதல் ட-வுக்கு மேல் புள்ளி இல்லை.